வெட்டிக் குடைந்த பழைய மின் கித்தாரை முதல் நிலைக்குக் கொண்டுவருதல்: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் என் கைக்கு வந்த 1970-களின் மின் கித்தார்களுள் உளி படாத உடலைக் கண்டது மிகக் குறைவு. அதற்குக் காரணம் காலம்தான். கம்பிகளை இரு முனைகளிலும் பூட்டிப் பிடிக்கும், உடலைக் குடைந்து பொருத்த வேண்டிய ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜுக்கு (பிரிட்ஜ் என்பது உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) 1979-இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. 1981-இல் சர்ச், 1985-இல் விங்ஸ் என்று இங்கே மலாய் ராக் இசைக்குழுக்கள் தோன்றி, 'ராக் கப்பாக்' என்று ஒரு தலைமுறையே அந்த ஓசைக்கு மயங்கியது. கோயில் திருவிழாவிலும் திருமண விருந்திலும் வாசித்த நம் தமிழ் இசைக்குழுக்காரர்களும் விலக்கல்ல. கையிலிருந்த கித்தார் அவர்களுக்குப் பிழைப்புக் கருவி. பழம்பொருளாகும் என்று எண்ணி அதை எவரும் வாங்கவில்லை. எனவே குடைந்தவர்களைக் குறை சொல்வதை விடுத்து, குடைந்ததை எவ்வாறு திருத்துவது என்று பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஒரே கித்தாரைத் தொடர்ந்து பேசுகிறேன். செந்தூலில் இசைக்குழு வைத்திருந்த என் மாமாவின் 1979-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. என்னிடம் வந்தபோது அதில் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜும் பூட்டு நட்டும் (நட் என்பது கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் கடக்கும் பாகம்) இருந்தன. பிரிட்ஜ் அருகே ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப்புக்காக (கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பாகம்) உடல் அகலமாகக் குடையப்பட்டிருந்தது. தலையில் சுருதி கூட்டும் விசைகள் வேறு. கழுத்தைப் பிடிக்க மூன்று திருகாணிக்குப் பதில் நான்கு. எல்லாவற்றுக்கும் மேல் காருக்கு அடிக்கும் கறுப்புச் சாயம்.

முதலில் எதையும் தொடாதீர்கள்

கித்தார் வந்த அன்றே திருப்புளியை எடுப்பவர்தான் அதிகம் கெடுக்கிறார். முதல் வாரம் படம் எடுப்பதற்கும் அளப்பதற்கும் மட்டுமே உரியது. ஒவ்வொரு திருகாணியையும் கழற்றுமுன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். கழற்றிய திருகாணிகளை, அவை இருந்த ஓட்டைகளின் வரைபடத்தை அட்டையில் வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். சிறு பிளாஸ்டிக் பைகளில் போட்டு எழுதி வைக்கும் முறையும் உண்டு. ஆனால் நம் ஊர் ஈரத்தில் பையினுள் துரு ஏறுவதை இருமுறை கண்ட பிறகு நான் அட்டைக்கே மாறிவிட்டேன்.

அடுத்து, கித்தார் எது, எந்த ஆண்டினது என்பதை உறுதி செய்ய வேண்டும். 1976 முதல் ஃபெண்டர் தொடர் எண்ணைத் தலையின் முகப்பில் அச்சிட்டது. எஸ் 9 என்று தொடங்கினால் 1979-க்கு உரியது என்று பொருள். ஆயினும் எண் அச்சான அந்த ஒட்டுப்படங்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்டவை என்பதால் அடுத்த ஆண்டில் செய்த கழுத்திலும் அவை ஒட்டப்பட்டதுண்டு. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், வால்யூம் மற்றும் டோன் பொட்டுகளின் (குமிழைத் திருப்பும்போது மின்தடையை மாற்றும் பாகங்கள்) முதுகிலுள்ள குறியீட்டைப் படியுங்கள். 1377925 என்று இருந்தால், 137 என்பது செய்த நிறுவனமான சிடிஎஸ், 79 என்பது ஆண்டு, 25 என்பது வாரம். பொட் கித்தாரை விடப் பழையதாக இருக்கலாம், ஏனெனில் தொழிற்சாலை மொத்தமாக வாங்கி வைத்துப் பயன்படுத்தியது. கித்தாரை விடப் புதியதாக இருந்தால் பின்னர் எவரோ மாற்றியிருக்கிறார்.

அந்தந்தக் காலத்தின் அடையாளங்களையும் அறிந்திருக்க வேண்டும். 1971 இறுதியிலிருந்து இந்த வகைக் கித்தாருக்கு மூன்று திருகாணிக் கழுத்து, தலையருகே துப்பாக்கிக் குண்டு போன்ற டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள் உலோகத் தண்டு) முனை, வார்ப்பு உலோகத்தாலான ஒரே துண்டு பிரிட்ஜ் ஆகியவை வந்தன. மூன்று நிலைச் சுவிட்சுக்குப் பதில் ஐந்து நிலைச் சுவிட்ச் 1977-இல் வந்தது. பிக்கப் காந்தக் கம்பங்கள் 1970-களின் நடுப்பகுதியிலிருந்து ஒரே உயரத்தில் அமைந்தன; அதற்கு முன்னவை ஏற்ற இறக்கமாக இருந்தன. இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் உதிரிப்பாகம் தேடப் போனால், 1960-களின் பாகத்தை அதிக விலைக்கு வாங்கி 1979-இன் கித்தாரில் பொருத்திவிட்டு, அதையே 'மூலநிலை' என்று சொல்லிக்கொள்ள நேரும்.

எதைத் திருத்துவது, எதை விடுவது

இப்போது மாற்றங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: இதை நீக்குவதற்கு மூலப்பொருளில் இன்னும் கொஞ்சத்தை நான் இழக்க வேண்டுமா? பிக்கார்ட் (உடலின் முகப்பை மூடும் தகடு), சுவிட்ச், விசை முதலியவற்றுக்கு 'இல்லை' என்பதே விடை. அவற்றைத் தயங்காமல் மாற்றலாம். குடைவுகளுக்கு 'சிறிதளவு' என்று வரும், ஏனெனில் கோணலான சுவரை நேராக்கியே புது மரம் பொருத்த முடியும். ஃப்ரெட்டுகளை (விரல் பலகையின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகள்) எவரேனும் மாற்றியிருந்தால் விட்டுவிடுங்கள். அவை தேயும் பொருள். சக்கரம் தேய்ந்த காருக்குப் புதுச் சக்கரம் போட்டதை எவரும் மாற்றம் என்று சொல்வதில்லை. விரல் பலகையின் வளைவைத் தட்டையாகத் தேய்த்திருந்தால் அது போனது போனதுதான். தேய்ந்த மரத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

எங்கள் கித்தாரில் ஆறு மாற்றங்களையும் திருத்துவது என்று முடிவெடுத்தோம். மாமா முதலில் ஒப்பவில்லை. "அந்த பிரிட்ஜை நான் எத்தனை நிகழ்ச்சிக் காசு சேர்த்து வாங்கினேன் தெரியுமா?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. கழற்றிய பாகங்கள் அனைத்தும் கித்தார்ப் பெட்டியிலேயே இருக்கும் என்று வாக்குக் கொடுத்த பிறகே சம்மதித்தார். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்; மாற்றங்களும் அந்தக் கித்தாரின் வரலாறுதான், பின்னால் வாங்குபவருக்கு அவை சான்றாகவும் இருக்கும்.

பாகங்களைத் தேடுதல்

பெரும்பாலான மூலப் பாகங்கள் வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்தே வரும். 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 10 சதவீத விற்பனை வரி உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கழுத்தை வாங்கும் எண்ணம் இருந்தால் மரத்தின் வகையையும் கேட்டறிய வேண்டும்: ஈட்டி வகை மரங்கள் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்குப் பெற்றன, பிரேசில் ஈட்டிக்கு மட்டும் 1992 முதலே கடுமையான தடை நீடிக்கிறது.

பற்றாசு (சோல்டர்), மின்கம்பி, அளவுமானி முதலியவை புடுவிலுள்ள ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் கிடைக்கும். அங்கே பொட் வாங்கும்போது ஒரு தவறு எளிதாக நேரும். ஆசியாவில் செய்யப்படும் பெரும்பாலான பொட்டுகள் மில்லிமீட்டர் அளவினவை. அமெரிக்கக் கித்தாரின் ஓட்டைகளும் குமிழ்களும் அங்குல அளவினவை. மதிப்பு ஒரே 250 கிலோ ஓம் ஆனாலும் மூலக் குமிழ் அதில் உட்காராது. அறுகோணச் சாவிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீட்டர் சாவியால் டிரஸ் ராடைத் திருகினால் முனை மழுங்கிவிடும்.

மின் இணைப்புகள்

மூலப் பற்றாசு முத்துகளைத் தேவையின்றி உருக்காதீர்கள். தொழிற்சாலை இணைப்பு கலையாமல் இருப்பது, பிக்கப் மாற்றப்படவில்லை என்பதற்கு வலுவான சான்று. மாற்றியே ஆக வேண்டிய இணைப்புகளுக்கு 60/40 ஈயப் பற்றாசைப் பயன்படுத்துங்கள். அது ஏறத்தாழ 190 பாகையில் உருகும். ஈயமற்றது 217 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் பழைய மின்கம்பி உறை கருக வாய்ப்பு அதிகம். பொட்டின் முதுகு வெப்பத்தை உறிஞ்சும். சிறிய பற்றவைக்கும் இரும்பை நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பதைவிட, 60 வாட் இரும்பை இரண்டு மூன்று நொடி வைத்து எடுப்பது நல்லது. வேலை முடிந்ததும் கை கழுவாமல் உணவைத் தொடாதீர்கள்.

பிக்கப்பின் மின்தடையை அளந்து உண்மைத்தன்மையைச் சோதிக்கும்போது தொடங்குவோர் பலர் குழம்புகின்றனர். 1970-களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் பொதுவாக 5.5 முதல் 6 கிலோ ஓம் வரை காட்டும். ஆனால் தாமிரத்தின் தடை ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் 0.39 சதவீதம் கூடும். 20 பாகையில் 5.7 காட்டும் பிக்கப், நம் ஊரின் 31 பாகை வெப்பத்தில் 5.94 காட்டும். குளிர்சாதன அறையில் அளந்த எண்ணையும் வராந்தாவில் அளந்த எண்ணையும் ஒப்பிட்டுவிட்டு, 'எவரோ மறுபடி சுற்றியிருக்கிறார்' என்று முடிவுகட்டாதீர்கள்.

குடைவுகளை நிரப்புதல்

இதுவே வேலையின் பெரும்பகுதி. எங்கள் கித்தாரில் பழைய குடைவுகளுக்குள் கார்ப் புட்டி நிரப்பப்பட்டிருந்தது. அதை முழுவதும் சுரண்டி எடுத்தே தீர வேண்டும். புட்டி மரத்தோடு சேர்ந்து சுருங்கி விரியாது, திருகாணியையும் பிடிக்காது.

நிரப்பும் மரம் உடலின் மரமாகவே இருக்க வேண்டும். எங்கள் உடல் ஆஷ் மரம். நம் தாத்தாக்கள் பால் வெட்டிய ரப்பர் மரம் இன்று நாற்காலியாகவும் மேசையாகவும் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. நிறமும் ஏமாற்றும் அளவுக்கு நெருக்கம். முதல் முயற்சியில் நானே அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆனால் ஆஷின் பெரிய நார் ரேகை அதில் இல்லை. சாயத்தின் கீழ் அது தனித்துத் தெரியும்.

மரத்தை வாங்கிய அன்றே ஒட்டாதீர்கள். காற்றில் 80 சதவீத ஈரப்பதம் இருக்கும் இடத்தில் மரம் ஏறத்தாழ 16 சதவீதம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். குளிரூட்டிய கிடங்கிலிருந்து வந்த துண்டில் அதைவிடக் குறைவு. ஒட்டிய பிறகு அது ஊதினால் மேற்பரப்பில் மேடு தெரியும். எனவே உடலும் துண்டும் ஒரே அறையில் மூன்று வாரமாவது ஒன்றாக இருக்கட்டும்.

பிறகு வார்ப்பலகை வைத்து, கோணலான குடைவின் சுவர்களை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் ரவுட்டரால் (சுழலும் முனையால் மரத்தைக் குடையும் கருவி) நேராக்குங்கள். அதன் அளவுக்குச் சற்றே பெரிதாகத் துண்டை வெட்டி, உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்து, கைவிரலால் அழுத்தினால் இறங்கும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். சுத்தியலால் அடித்தால்தான் இறங்கும் என்றால் அது இறுக்கம், உடல் பிளக்கும். துண்டின் நார் ஓட்டம் உடலின் நார் ஓட்டத்தோடு ஒரே திசையில் இருக்கட்டும். சாதாரண மஞ்சள் மரப்பசை போதும். ஒரு நாள் கவ்வியில் வைத்துவிட்டு, மேலே துருத்துவதை இழைப்புளியால் எடுங்கள்.

திருகாணி இறங்க வேண்டிய சிறு ஓட்டைகளை அடைக்கக் கடையில் விற்கும் உருளைக் குச்சியை அறைவது வழக்கம். அது போதாது. குச்சியின் நார் நீளவாக்கில் ஓடுவதால் திருகாணி அதன் முனை நாருக்குள் இறங்கி, பிடிப்பில்லாமல் வழுக்கும். பலகையின் முகத்திலிருந்து அடைப்பு வெட்டும் கருவியால் வெட்டிய அடைப்புகளில் நார் குறுக்கே ஓடும். திருகாணி உறுதியாக நிற்கும், ரேகையும் உடலோடு இசையும். கழுத்துக்காக நான்காவது திருகாணிக்கு எவரோ துளைத்த ஓட்டைகளையும் இவ்வாறே அடைத்தோம்.

பிரிட்ஜின் இடத்தில் ஒரு நல்ல செய்தி காத்திருக்கலாம். ஃப்ளாய்ட் ரோஸின் இரு தூண்களுக்கும் இடையே 74 மில்லிமீட்டர். பழைய ஆறு திருகாணி வரிசையின் முழு அகலமோ 56 மில்லிமீட்டர்தான். ஆகவே தூண்கள் பழைய ஓட்டைகளுக்கு வெளியே இருக்கும். புட்டியைச் சுரண்டியபோது எங்கள் கித்தாரின் ஆறு மூல ஓட்டைகளில் நான்கு அப்படியே கிடைத்தன. உங்களுடையதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், கழுத்தைப் பொருத்திவிட்டு, விரல் பலகையின் இரு ஓரங்களிலிருந்தும் நூலைப் பிரிட்ஜ் வரை இழுத்துக் கட்டி நடுக்கோட்டைக் காணுங்கள். நட்டிலிருந்து சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) வரை 648 மில்லிமீட்டர் என்பது உங்கள் அடிப்படை அளவு. கைத் துளைப்பானை நம்பாமல் தாங்கியில் பொருத்திய துளைப்பானையே பயன்படுத்துங்கள். இங்கே ஒரு பாகை சாய்ந்தாலும் பிரிட்ஜ் தட்டாமல் ஆடாது.

பூட்டு நட்டுக்காகக் கழுத்தில் வெட்டப்பட்ட இடம் மிக மெல்லியது. டிரஸ் ராடும் அங்கேயே வெளியே வருகிறது. அங்கே மேப்பிள் துண்டை ஒட்டி, பின்பக்கம் வரை போன இரு ஓட்டைகளையும் அடைத்து, பின்னர் மூல நட்டுக்குரிய 3.2 மில்லிமீட்டர் பள்ளத்தை மெல்லிய அரத்தால் புதிதாக அறுக்க வேண்டும். இதற்கு முன் உளி பிடித்திராதவர் இந்த ஒரு வேலையையாவது கைதேர்ந்தவரிடம் கொடுப்பது நல்லது. நான் கொடுத்தேன்.

விசைகள் எளிது. தலையின் ஓட்டைகளை 10 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கியிருந்தாலும், பழைய விசைக்கு ஏற்ப அதைக் குறுக்கும் உலோக வளையங்கள் விற்கின்றன. மரத்தைத் தொடவே வேண்டாம்.

சாயம்

கறுப்பின் அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கழுத்து உட்காரும் பள்ளத்திலும், பின்புற ஸ்பிரிங் குழியின் ஓரத்திலும் முதலில் பாருங்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். நைட்ரோ செல்லுலோஸ் (சுருக்கமாக நைட்ரோ) எனும் பழைய வகைப் பூச்சு மஞ்சளாக ஒளிரும், பிற்காலத்துச் சாயம் இருண்டு நிற்கும். எங்கள் கறுப்பின் கீழ் மூல சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரத்தில் இருளும் நிறப்பூச்சு) முழுதாக இருந்தது. அதைக் கண்ட இரவு மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

1970-களின் ஃபெண்டர் உடலில் அடிப்பூச்சு பாலியெஸ்டர். கடினமானது, தின்னருக்கு எளிதில் கரையாது. ஆனால் அதன் மேல் உள்ள நிறமும் மேற்பூச்சும் கரையக்கூடும்; தலையின் முகப்பில் ஒட்டுப்படத்தின் மேல் இருப்பதும் கரையும் நைட்ரோதான். ஆகவே தின்னரை ஊற்றித் துடைக்கும் அறிவுரையைக் கேளாதீர்கள். ஓரங்களில் ஒட்டுநாடா சுற்றிய சவரத் தகட்டைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பிடித்து, கறுப்பை மட்டும் தூளாகச் சுரண்டி எடுங்கள்; நிறம் தெரியத் தொடங்கியதும் நிறுத்தி, மிச்சத்தை 1500 எண் நீர் உப்புத்தாளால் எடுங்கள். எங்களுக்கு இதற்கு மட்டும் பத்தொன்பது மாலைப்பொழுதுகள் ஆயின.

புது மரத்துண்டுகளுக்கு எல்லா இடத்திலும் சாயம் தேவையில்லை. ஹம்பக்கர் குடைவு முழுவதும் பிக்கார்டின் கீழ் மறையும். பின்புறக் குழி மூடியின் கீழ் மறையும். வெளியே தெரிவது பிரிட்ஜின் பின்னால் இருந்த பள்ளமும் தூண்களின் விளிம்பும் கழுத்துத் தட்டின் அருகே உள்ள அடைப்புகளும்தாம். அங்கு மட்டும் நிறமேற்றி, மேலே நைட்ரோ தெளியுங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் நைட்ரோ வெண்மை பூக்கும். நம் ஊரில் காலையில்தான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். முற்பகல் கழிந்து மாலை மழை கூடுவதற்கு முன்னுள்ள சில மணி நேரமே ஏற்ற வேளை. மெதுவாக உலரவைக்கும் ரிடார்டர் தின்னரைச் சிறிது சேருங்கள். திறந்த வெளியில், வேதியாவி தடுக்கும் முகமூடியோடு, அடுப்போ சிகரெட்டோ அருகில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். மெருகேற்றுவதற்கு முன் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.

உடல் முழுவதும் முன்பே மரம் வரை சுரண்டப்பட்டிருந்தால், நீங்கள் எவ்வளவு அழகாகச் சாயம் பூசினாலும் அது மறுபூச்சுதான். விற்கும்போது அவ்வாறே சொல்ல வேண்டும். நிரப்பிய மரத்தையும் சொல்ல வேண்டும். படங்களோடு எழுதிய ஒரு தாளைப் பெட்டியில் வையுங்கள்.

பூட்டிச் சீராக்குதல்

எல்லாவற்றையும் பூட்டியதும் 9 எண் கம்பிகளைக் கட்டி, இரண்டு நாள் இழுவிசையில் விட்டுவிட்டுப் பிறகே டிரஸ் ராடைத் தொடுங்கள். இந்தக் கித்தார்களின் விரல் பலகை வளைவு 184 மில்லிமீட்டர் ஆரம், மிக வளைந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே இறக்கினால், மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை வளைக்கும்போது ஓசை அடைபடும். ஃப்ளாய்ட் ரோஸுக்குப் பழகிய கை முதலில் இதைக் குறையாகவே உணரும்.

மாமா வாங்கி மடியில் வைத்ததும் செய்த முதல் காரியம், பிரிட்ஜ் கைப்பிடியை ஒரேயடியாக அழுத்தியதுதான். ஆறு கம்பியும் சுருதி விலகின. "இதுக்குத்தாண்டா நான் அப்பவே மாத்தினேன்" என்றார்; என்றாலும் கித்தாரைத் திரும்பத் தரவில்லை.